பீபியம்மாவிடம் காட்டிய துணி

போன வெள்ளிக்கிழமை காலை என் தம்பி முனிசாமி ஆம்பூரிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து, காட்பாடி ஸ்டேஷனிலிருந்து நடந்தே என் வீட்டுக்கு வந்தான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "பீபியம்மா போய்ட்டாங்கண்ணா. தொழுகை முடிஞ்சி எடுக்கிறாங்களாம்" என்றான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வலது காலைத்தான் பார்த்தேன். இந்தச் செய்தியைச் சுமந்துவர அந்தக் காலைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

ஆம்பூரில் அவரை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். பெயர் ஹலீமா பீ. பச்சைத் தோல் வியாபாரம் செய்யும் அமீர் சாயபுவின் மனைவி. தெருவுக்கெல்லாம் பீபியம்மா. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் கொல்லைச் சுவர் ஒன்றுதான். ஆனாலும் அவர் முகத்தை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அது கோஷா வீடு, பெண்கள் வெளி ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் வாசற்படியில் தொங்கிய பச்சைப் படுதாவும் அதற்குப் பின்னாலிருந்து வந்த குரலும்தான்.

அப்போது நான் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி. தம்பி அங்கேயே தோலில் ஒட்டிய சவ்வைச் சுரண்டும் வேலை பார்த்தான். ஒருநாள் கத்தி வழுக்கிக் கெண்டைக்காலில் இறங்கிவிட்டது. காயம் சீழ் வைத்து, வேலூர் ஆஸ்பத்திரியில் அறுத்துச் சுத்தம் செய்து, மூன்று வாரம் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது நர்ஸம்மா, "தினம் கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, துணித்திரியைக் காயத்துக்குள் வையுங்கள். வாய் மூடக் கூடாது" என்று இரண்டு தரம் சொன்னார். நானும் இரண்டு தரம் தலையாட்டினேன்.

வீட்டில் வேறு யாரும் இல்லை. என் மனைவி பிரசவத்துக்காகத் திமிரிக்குப் போயிருந்தாள். காயத்துக்கு நான்தான் நர்ஸ். நான்கு நாள் சொன்னபடி செய்தேன். ஐந்தாம் நாள் எனக்குள் இருந்த மேஸ்திரி விழித்துக்கொண்டான். பதினெட்டு வருஷம் தோலோடு புழங்கியவனுக்கு ஒரு நர்ஸ் தோலைப் பற்றிச் சொல்வதா? தோல் இறுக வேண்டுமென்றால் ஆவாரம்பட்டைச் சாறு வேண்டும், இது ஷாப்பில் கூட்டுகிறவனுக்கும் தெரியும். திரியை எடுத்து எறிந்துவிட்டு, பட்டையைக் காய்ச்சிக் காயத்தின் மேல் ஊற்றித் துணியால் கட்டினேன். மூன்றே நாளில் வாய் சுருங்கி, மேலே பழுப்பாக ஒரு தோல் படிந்தது. விரலால் தட்டிப் பார்த்தேன், முதல் தரச் சரக்கு மாதிரி இருந்தது. "பாத்தியாடா!" என்று தம்பியிடம் பெருமையடித்தேன். அவன் "உள்ளே விண்ணு விண்ணுன்னு தெறிக்குதுண்ணா" என்றான். "ஆறும்போது அப்படித்தான்" என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் சாயபு சங்கடத்தோடு வந்து நின்றார். "மேஸ்திரி, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுப் பக்கம் இன்னாவோ அழுகுதுன்னு வூட்ல ஒரே பேஜார் பண்றா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. தோல் ஊரில் உட்கார்ந்துகொண்டு நாற்றம் என்று பிராது கொடுப்பதா? வாருங்கள் என்று அவரை உள்ளே அழைத்துப் போனேன். இருவரும் மூலை மூலையாக மூக்கை நீட்டினோம். தம்பியின் காலருகே குனிந்தும் பார்த்தோம். ஒன்றும் இல்லை. பச்சைத் தோலிலும் சுண்ணாம்புக் குழியிலும் ஊறிய இரண்டு மூக்குகள், அவற்றுக்கு என்ன தெரியும்? எங்களுக்கு அது அப்போது உறைக்கவில்லை.

சாயபு போய்ச் சொன்னதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்தே குரல் வந்தது. "தோல் நாத்தம் வேற, இது வேற. நான் வாலாஜாபேட்டைக்காரி. வந்து இருபது வருஷம் ஆச்சு, இந்த ஊர் நாத்தம் எனக்கு இன்னும் பழகல. காயத்துல கட்டின துணியை எடுத்துக்கினு வரச் சொல்லுங்க!"

துணியை வாழையிலைத் துண்டில் வைத்துப் படுதாவுக்கு அடியில் தள்ளினேன். சாயபு பக்கத்தில் நின்றார். இலையை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு, "காயத்துக்கு இன்னா போட்டீங்க?" என்று கேட்டார். சொன்னேன். "யா அல்லா! அது இன்னா ஆட்டுத்தோலா மேஸ்திரி, உசுரோட இருக்கிற கால் இல்லியா?" என்று ஒரு சத்தம் போட்டார். "மேல மூடிக்கிச்சு, உள்ள கெட்டுப்போச்சு. நாளைக்குன்னு சொல்லாதீங்க. ஜல்தி இப்பவே ரயிலேத்துங்க."

வேலூரில் அந்தப் பழுப்புத் தோலைக் கீறியதும் வந்ததை எழுத மாட்டேன். டாக்டர் என்னிடம் கோபப்படக்கூட இல்லை. "இரண்டு நாள் கழித்து வந்திருந்தால் முழங்காலோடு எடுத்திருப்போம். இனி ஒருமுறை இப்படி வந்தாலும் எடுப்போம்" என்று மட்டும் சொன்னார். தம்பிக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் வராந்தாவில் போய் அழுதேன்.

மறுபடி வீட்டுக்கு வந்தபோது நான் மேஸ்திரி அல்ல, பீபியம்மாவின் கையாள். தினமும் காலையில் பழைய துணியை அவிழ்த்து இலையில் வைத்துக் கொண்டுபோவேன். அவர் பார்த்து, முகர்ந்து, "நேத்தைவிட கம்மி", "இன்னிக்கி ஜாஸ்தி, திரியை ஆழமா வையுங்க" என்பார். அதன் பிறகுதான் புதுக் கட்டு. சாயபுவுக்கு முதுகில் ராஜபிளவை என்கிற பெரிய சீழ்க்கட்டி வந்தபோது ஐந்து மாதம் தானே கழுவிக் கட்டி ஆற்றியவர் அவர். அதற்கு அத்தாட்சியாகச் சாயபு கேட்காமலே சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டுவார். "மூடுங்க, போதும்" என்று படுதாவுக்குப் பின்னாலிருந்து அதட்டல் வரும்.

துணியைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி உண்டு. "கை கழுவினீங்களா?" கழுவினேன் என்றால் ஒப்புக்கொள்ள மாட்டார். படுதாவுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக் காட்ட வேண்டும். பட்டைக் கறை ஏறிய என் நகங்களை அவர் எந்த இடுக்கு வழியாகப் பார்த்தாரோ தெரியாது. "நகத்துல ஷாப்பு இருக்குது. போங்க" என்பார். சாம்பல் போட்டு, சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டு மறுபடி வந்து நிற்பேன். ஷாப்பில் நாற்பது பேரை அதட்டும் கைகள் அங்கே பள்ளிக்கூடப் பிள்ளையின் கை மாதிரி விரிந்து நிற்கும்.

நடுவில் ரமலான் மாதம் வந்தது. அப்போதும் ஒருநாள் தவறவில்லை. நோன்போடு, பச்சைத் தண்ணீர் படாத வயிற்றோடு, என் தம்பியின் சீழ்த் துணியை அவர் முகர்ந்து பார்க்கிறார் என்பது எனக்குப் பாதி மாதம் போன பிறகுதான் உறைத்தது. "நோன்பு முடியட்டும்மா, நான் சமாளிக்கிறேன்" என்றேன். "உங்க மூக்கை நம்பியா?" என்று கேட்டார். சாயபு சிரித்துவிட்டார், நானும்தான். ஆனால் அன்று வீடு திரும்பித் தண்ணீர் கொதிக்க வைக்கும்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

எப்போது மூடும், எப்போது மூடும் என்று நான் நச்சரித்தபோதெல்லாம் அவர் சொன்னது ஒன்றுதான். "அடியிலேர்ந்து வரணும் மேஸ்திரி. மேலேர்ந்து மூடினா நம்மள ஏமாத்துது." ரமலான் பெருநாள் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு காலை, தள்ளிவிட்ட இலை உடனே திரும்பி வந்தது. "இது வெறும் துணி. இனிமே எனக்குக் கொண்டார வேணாம்" என்றார். அவ்வளவுதான். நான் கும்பிட்டேன், படுதாவைப் பார்த்து.

வெள்ளிக்கிழமை நானும் தம்பியும் ஆம்பூர் போய்ச் சேர்ந்தபோது பீபியம்மாவைக் கிடத்தியிருந்த சந்தூக்கை எடுக்கும் நேரம். சாயபு தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தோள் கொடுக்கச் சொன்னார். கபரஸ்தான் வரை அவன் தோள் மாற்றவே இல்லை. நான் பின்னால் அந்தக் கெண்டைக்கால் தழும்பைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மூன்று பிடி மண் போட்டோம்.

ஷாப்பை விட்டு வந்து வருஷங்களாகியும் என் மூக்கு திரும்பவில்லை. பால் கெட்டதா என்றுகூட மனைவியைத்தான் கேட்கிறேன். எனக்குத் தெரியும் என்று வாய் திறக்குமுன் ஒரு நொடி நிற்கிறேனே, அது பீபியம்மா எனக்கு விட்டுப்போனது. அதற்குமேல் அவர் முகம் என்று நினைத்துக்கொள்ள என்னிடம் எதுவும் இல்லை.

அன்று மண் போட்டுவிட்டுச் சாயபுவோடு அவர் வீட்டுக்குத் திரும்பினோம். அதே படுதா தொங்கியது. அதன் முன்னால் போய் நின்றதும் என் கைகள் தாமாகவே விரிந்தன. நகத்தில் கபரஸ்தான் மண் இருந்தது. உள்ளேயிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை. நான் கொல்லைத் தொட்டிக்குப் போய், நகத்திடுக்கு வரை தேய்த்துக் கழுவிக்கொண்டு மறுபடி வந்து நின்றேன்.