மூன்றாம் பிரஸ்ஸில் பூசிய சந்தனம்

"ஒண்ணொண்ணா பாத்துக்கினே இருந்தா மெஷினு எப்பமா ஓடும்?"

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எங்கள் ஃபோர்மேன் என்னிடம் கேட்டது இது. சாமான்களை நகர்த்தும் பெல்ட் ஒன்று நின்றுபோயிருந்தது. மின்சாரம் எந்த இடம் வரை வருகிறது என்று மீட்டரை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னை விலகச் சொல்லிவிட்டு ஸ்விட்ச் பெட்டியை ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். பெல்ட் ஓடியது.

"டிப்ளமா இன்னா சொல்லுது பாப்பா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள்.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே பெல்ட் மறுபடி நின்றது. இந்த முறை தட்டியும் ஓடவில்லை. நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து பார்த்துக்கொண்டே போய், தளர்ந்து கிடந்த ஒயரை முறுக்கினேன். அப்போது யாரும் சிரிக்கவில்லை. பாராட்டவும் இல்லை.

எங்கள் வீட்டில் பள்ளிப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது என் குரல் கொஞ்சம் உயரும். உயரட்டும். அப்பாவும் அம்மாவும் பாகூர்ப் பக்கம் நடவுக்கும் கரும்பு வெட்டுக்கும் போனவர்கள். படித்தவர் வீட்டுப் பிள்ளை கணக்கில் ஒரு வரியைத் தவறவிட்டால் எடுத்துக் கொடுக்க அண்ணனோ அப்பாவோ இருப்பார்கள். என் வீட்டில் விட்ட வரி விட்டதுதான். அதனால் எதையும் விடாமலிருக்கப் பழகினேன். இந்த வரி எங்கிருந்து வந்தது என்று புரியாமல் அடுத்த வரிக்குப் போக மாட்டேன். பரீட்சையில் கடைசிக் கேள்விக்கு நேரம் போதாது. ஆனால் எழுதியவரையில் தப்பு என்று சிவப்பு மை படாது.

பாலிடெக்னிக்கில் இதே பழக்கத்துக்கு மதிப்பு வந்தது. லேபில் ஒரு சர்க்யூட்டைக் கெடுத்து வைத்துவிட்டுக் கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். பையன்கள் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி மாற்றுவார்கள். நான் நடுவில் அளப்பேன். அதுவரை சரியென்றால் முன்பாதியை மறந்துவிடலாம். மிச்சத்திலும் நடுவில் அளப்பேன். கோளாறு ஒதுங்க இடமில்லாமல் ஒரு மூலையில் வந்து நிற்கும். "இவ போலீஸ்காரிடா" என்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. கண்டுபிடித்தால் போதும், எல்லாம் சரியாகிவிடும் என்று அன்றைக்கு நம்பினேன்.

வேலை கிடைத்தது வில்லியனூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில். தகட்டை அச்சில் வைத்து அழுத்தி மிக்சி, ஃபேன் பாகங்கள் செய்யும் இடம். நான் மெயின்டனன்ஸ் பிரிவு. எங்கள் ஊரான சோரியாங்குப்பத்திலிருந்து கம்பெனி வேனில் பெண்கள் ஒரு கூட்டமாகப் போவோம். அவர்களில் ஒருவர் எங்கள் எதிர்வீட்டுக்காரர். சொந்தமில்லை என்றாலும் அவரைச் சின்னம்மா என்றுதான் கூப்பிடுவேன். மூன்றாம் பிரஸ்ஸை ஓட்டுபவர் அவர். கணவர் வேலைக்கு ஒழுங்காகப் போகாதவர். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். எனக்குப் பின் எங்கள் தெருவில் அவ்வளவு தூரம் வந்த பெண் அவள்தான்.

பிரஸ்ஸின் வாய்க்கு இரண்டு பக்கமும் இரண்டு தூண்கள் நிற்கும். ஒன்றின் கண்ணாடியிலிருந்து மற்றதன் கண்ணாடிக்குக் கண்ணுக்குத் தெரியாத ஒளி பாயும். கை உள்ளே போனால் ஒளி மறையும். மறைந்தால், காலால் பெடலை மிதித்தாலும் பிரஸ் இறங்காது. இதை எல்லோரும் சென்சார் என்பார்கள்.

ஆயுத பூஜைக்கு மெஷின்களை அலங்கரிப்பது பெண்களின் பொறுப்பு. அன்றைக்கு வேன் முழுக்கச் சாமந்தியும் கதம்பமும்தான்.

"உன் மெஷினுக்கு மட்டும் இன்னாக்கா, மாப்ள மாதிரி ஜோடன?"

"எம் மெஷினு எனக்குச் சோறு போடுதுடி. கட்ன ஆளு போட்டானா? அதான் மெஷினுக்கு வெக்கிறன்." சின்னம்மா சொன்னதும் வேன் குலுங்கியது.

கட்டியாகக் குழைத்த சந்தனத்தை மூன்று விரல்களால் பிரஸ்ஸின் நெற்றியிலும் பெடலிலும் தூண்களிலும் பட்டையாகப் பூசி, நடுவில் குங்குமம் வைத்தார். எல்லாப் பெண்களும் அப்படித்தான் செய்தார்கள். பூசியதை யாரும் துடைக்க மாட்டார்கள். சாமிக்கு வைத்தது தானாக உதிர வேண்டும், துடைத்தால் அந்த மெஷின் ரத்தம் கேட்கும் என்பது எங்கள் கம்பெனியில் எல்லோரும் சொல்லும் பேச்சு. பூஜை முடிந்து நான் பின்ஷெட்டுக்கு மாற்றப்பட்டேன். மூன்றாம் பிரஸ் இருக்கும் முன்ஷெட்டில் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகை மழையில் ஒரு பகல் ஷிப்டில் முன்ஷெட்டிலிருந்து சத்தம் வந்தது. நாங்கள் ஓடிப் போனபோது சின்னம்மாவின் வலது கையைத் துண்டால் சுற்றித் தூக்கிக்கொண்டிருந்தார்கள். அரியூர் ஆஸ்பத்திரிக்கு வண்டி போனது. இரண்டு விரல்கள் போய்விட்டன.

மறுநாள் வேனில் அவர் இடம் காலியாக இருந்தது.

"வூட்ல தெனம் சண்ட. கவனம் எங்கியோ இருந்துருக்கும்."

"கைய உள்ள வுட்டுக்கினே பெடல மிதிச்சா?"

"சைடால வுட்டாளாம். சென்சாருக்குத் தெரியாம. ஃபோர்மேனே சொல்றாரு."

கெரகம் என்று ஒருத்தி முடித்து வைத்தாள். எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அந்த வாரம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். ஃபோர்மேன் காய்ச்சல் என்று லீவில் இருந்தார். "மூணாவது பிரஸ் ஓடல. சென்சார்ல ஏதோ கோளாறு. ஆக்சிடென்ட விசாரிக்க ஆபீசருங்க எப்ப வேணா வருவாங்க. அதுக்குள்ள வேல செய்யணும், பாத்து வுடு."

நடுவில் அளந்தேன். பெட்டியிலிருந்து தூணுக்கு மின்சாரம் சரியாகப் போகிறது. அனுப்பும் தூண் அனுப்புகிறது. வாங்கும் தூணில் சிவப்பு விளக்கு எரிகிறது, எதுவோ குறுக்கே இருக்கிறது என்று. குறுக்கே ஒன்றும் இல்லை. குனிந்து கண்ணாடியைப் பார்த்தேன். காய்ந்து வெடித்த சந்தனப் பட்டை, மேலே கருத்துப்போன குங்குமம். பூஜையிலிருந்து எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டிருந்ததுதான்.

ஈரத்துணியை எடுத்தேன். துடைத்தால் பிரஸ் ஓடும், என் வேலையும் முடியும். கை நின்றது. துடைப்பதற்கு முன் இதுதான் காரணமா என்று உறுதி செய்ய வேண்டுமே. நான்காம் பிரஸ்ஸிலும் இதே சென்சார்தான். அதில் சந்தனம் தூணின் பக்கவாட்டில் மட்டும் பட்டிருந்தது. அதன் கண்ணாடியின் மேல் ஒரு காகிதத்தை ஒட்டினேன். அதே சிவப்பு விளக்கு. பெடலை மிதித்தேன், இறங்கவில்லை. காகிதத்தை எடுத்தேன், இறங்கியது.

அப்படியென்றால் பூஜையன்று சந்தனம் பூசியதிலிருந்தே மூன்றாம் பிரஸ் ஓடியிருக்கக் கூடாது. ஆனால் அது தினமும் ஓடியது. ஓடித்தான் சின்னம்மாவின் விரல்களை எடுத்தது. ஓடக்கூடாத மெஷின் ஓடியதென்றால் சென்சாரைத் தாண்டி யாரோ ஓட்டியிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்தேன். சென்சாரின் ஒயர்கள் வந்து சேரும் வரிசையில் எல்லாத் திருகுகளிலும் தூசி படிந்திருந்தது. இரண்டில் மட்டும் ஸ்க்ரூ டிரைவர் பட்ட புதுக் கீறல் மின்னியது. அந்த இரண்டையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்தால் போதும், கை இருந்தாலும் இல்லாவிட்டாலும் பிரஸ் இறங்கும். ஒயரை இப்போது கழற்றிவிட்டிருக்கிறார்கள். சந்தனத்தை மட்டும் துடைக்கவில்லை. துடைக்க அவர்களுக்கும் பயம், அல்லது அதுதான் காரணம் என்று இன்னும் தெரியவில்லை.

சந்தனத்தையும் திருகுகளையும் போனில் படம் எடுத்தேன். துணியை மடித்து டூல் பைக்குள் வைத்தேன். கண்டுபிடித்ததும் வர வேண்டிய சந்தோஷம் வரவில்லை.

அன்று மாலை சின்னம்மாவின் வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள் யூனிபார்மோடு சுவரில் சாய்ந்திருந்தாள். கம்பெனியிலிருந்து ஆட்கள் வந்து போயிருந்தார்கள். தன் கவனக்குறைவால்தான் நடந்தது என்று சின்னம்மா எழுதிக் கொடுத்துவிட்டால் அந்த இடத்தில் மகளுக்கு வேலை போட்டுத் தருவார்களாம். திங்கட்கிழமை முதல் வரலாமாம். மூன்றாம் பிரஸ்ஸுக்கு.

"நல்லதுதான. யாரு குடுப்பா இந்தக் காலத்துல?" என்றார் வாசலில் நின்ற கணவர்.

நான் பார்த்ததை ஒவ்வொன்றாகச் சொன்னேன். சந்தனம் என்ற இடத்தில் சின்னம்மாவின் முகம் மாறிவிட்டது.

"நாந்தானடி வெச்சன். அப்ப என் வெரல நானே வெட்டிக்கினனா?"

அவருக்கு அழுகை சத்தமாக வரவில்லை. மகள் வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போனேனே தவிர, இந்தப் படியில் சின்னம்மா விழுவார் என்று யோசிக்கவில்லை. ஆனால் அங்கேயே நிறுத்தினால் பாதிக் கணக்குதான். பாதிக் கணக்குதான் அவருக்கு எதிரானது.

"சின்னம்மா, இங்க பாரு. நீ சந்தனம் வெச்ச. வெச்சதும் மெஷினு இன்னா பண்ணுச்சி? நின்னுச்சி. கையி இருக்குதுன்னு நெனச்சி நின்னுச்சி. சந்தனம் மெஷின நிறுத்துச்சி. ஒயருதான் ஓட்டுச்சி."

அவர் கட்டுப் போட்ட கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஆனா நா பெடல மிதிச்சது நெசந்தானடி" என்றார். "தகடு மாட்டிக்கிச்சி. எடுக்கறப்ப காலு தானா அமுந்துச்சி."

"கை மறந்துடும், காலு மறந்துடும்னு தெரிஞ்சிதான் அந்த லைட்டையே வெச்சாங்க. மறக்காதவங்களுக்கு எதுக்கு சின்னம்மா சென்சாரு?"

மகள்தான் கேட்டாள். "அக்கா, இத நீ வெளிய சொன்னா உன் வேல?"

"திங்கக்கிழம நீ ஸ்கூலுக்குப் போற வழியப் பாரு" என்றேன்.

மறுநாள் பாகூர்க் கடைத்தெருவில் ஃபோர்மேன் எனக்காக நின்றுகொண்டிருந்தார். நான்காம் பிரஸ்ஸில் காகிதம் ஒட்டியதை யாரோ சொல்லியிருக்கிறார்கள். காய்ச்சல்காரர் மாதிரிதான் இருந்தார், முகத்தில் சவரம் இல்லை.

"லோடு நிக்குதுன்னு மேனேஜர் கத்துனாரும்மா. சென்சார் போயிடுச்சின்னு நெனச்சன். புதுசு கேட்டன், வர்றதுக்குள்ள ஓட்டுன்னாரு. ஒரு நாளைக்குன்னுதான் ஒயரு போட்டன். அப்பறம் அது பாட்டுக்கு ஓடுச்சி... எனக்கும் பொண்ணுங்க இருக்குதும்மா. என் பேரச் சொல்லுவியா?"

"கேட்டா சொல்லுவண்ணே. யாரு ஓட்டச் சொன்னாங்கன்னும் சொல்லுவன். நீங்களும் சொல்லுங்க."

அவர் தலையாட்டினார். சரி என்று ஆட்டினாரா, முடியாது என்று ஆட்டினாரா என்று இன்றுவரை தெரியாது.

வெள்ளிக்கிழமை எனக்கு மதிய ஷிப்ட். உள்ளே போனதும் மேனேஜர் கூப்பிட்டார்.

"இன்னும் பிரஸ் ஓடலியே. இன்னா கோளாறு?"

"கண்ணாடியில சந்தனம் சார்."

அவர் சிரித்தேவிட்டார். "அவ்ளோதானா? தொடச்சி வுடும்மா. இதுக்கா இத்தினி நாளு?"

"தொடச்சா ஓடும் சார். தொடைக்காம அது எப்பிடி இத்தன நாள் ஓடுச்சின்னுதான் பாத்துக்கினு இருக்கன்."

சிரிப்பு அப்படியே நின்றது. கதவைச் சாத்தச் சொன்னார். "உன்ன மெஷினப் பாக்கத்தான் வெச்சிருக்கோம். கேள்வி கேக்க இல்ல. அந்தப் பொண்ணு திங்கக்கிழம சேரப் போவுது. ஒரு குடும்பம் பொழைக்கறத கெடுக்காத. உனக்கும் வேல முக்கியம். நாளைக்கு வரைக்கும் டைம் தரன், யோசிச்சி சொல்லு."

யோசிக்க இனி எதுவும் இருக்கவில்லை. வெளியே வந்து முன்ஷெட் வழியாக நடந்தேன். மூன்றாம் பிரஸ் வாயைத் திறந்தபடி நின்றது. அவர்களே துடைத்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது.

அன்று காலையிலேயே சின்னம்மாவும் நானும் பாகூரில் பஸ் ஏறி, புதுச்சேரியில் தொழிற்சாலைகளைச் சோதிக்கும் அதிகாரி இருக்கும் ஆபீசுக்குப் போயிருந்தோம். அவர் கணவருக்குத் தெரியாது. மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்பினார். அதிகாரி படங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், நான்காம் பிரஸ்ஸில் செய்த சோதனையை மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். எதையும் தாண்டாமல், ஒயர் போட்டவர், போடச் சொன்னவர் என்று கடைசிவரை சொன்னேன். அவர் எழுதிக்கொண்டதைச் சின்னம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பூஜையன்று சந்தனம் வைத்தது நான்தான் என்ற வரி வந்தபோது, "அது இருக்கட்டும், நெசந்தான" என்றார். பிறகு இடது கைப் பெருவிரலை மையில் ஒற்றி வைத்தார். அதன் கீழே என் முழுப் பெயரையும் வேலையையும் எழுதி நான் கையெழுத்துப் போட்டேன்.