இரண்டு கதிரைகளில் ஒரு டொக்டர்

போன கிழமை ஒரு வழக்குக் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன். லண்டனில் ஓர் ஆஸ்பத்திரி தமிழ் நோயாளிகளுக்காகத் தமிழிலேயே அச்சடித்த படிவம் ஒன்று அதற்குள் இருந்தது. 'உங்கள் வலி எவ்வளவு?' என்று கேட்டு, கீழே சிரிக்கிற முகத்தில் தொடங்கி அழுகிற முகம் வரைக்கும் வரிசையாகப் படம் போட்டிருந்தார்கள். 'வலி' என்ற சொல்லைக் கண்டதும் என் கை தானாகக் காற்சட்டைப் பைக்குள் போய்த் திறப்பை, அதுதான் சாவியை, தேடியது. சிரிக்காதீர்கள், காரணம் இருக்கிறது.

டொக்டர்மார் விட்ட பிழைகளை வைத்துத்தான் இத்தனை வருடமாகச் சோறு தின்கிறேன். இங்கே அதற்குப் பாரிஸ்டர் என்று கம்பீரமான பெயர். எங்கள் ஊரில் அப்புக்காத்து. கொழும்பில் சட்டப் பரீட்சை எழுதிவிட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் வீட்டாரைப் பார்க்கக் கிளிநொச்சிக்கு வந்தவன், சண்டையில் பாதை பூட்டுப்பட்டதால் அங்கேயே நின்றுவிட்டேன். கோட்டுக் கட்டடமும் பூட்டு. ஒரு சைக்கிள் கடையின் பின்னறையில் பெயர்ப்பலகை மாட்டி உட்கார்ந்தேன். இன்றைக்கும் தடித்த சட்டப் புத்தகம் ஒன்றைத் திறந்தால் எனக்கு ரியூப் ஒட்டுகிற சொலூசன்தான் மணக்கும். வழக்கு ஒன்றும் வரவில்லை, காற்றுப் போன சைக்கிள்கள்தான் வந்தன. இரண்டொரு முறை நானே காற்றடித்தும் விட்டிருக்கிறேன்.

அப்படியிருக்க ஒரு நாள் பவளம் அக்கா தன் புருசன் மாணிக்கத்தைக் கூட்டிக்கொண்டு வந்தார். மலையகத் தேயிலைத் தோட்டத்திலிருந்து குடும்பத்தோடு வன்னிக்கு வந்தவர்கள். மாணிக்கம் இரணைமடுக் குளத்தில் வள்ளத்தில் போய் மீன் பிடிப்பவர். எட்டு மாதமாக மற்ற வள்ளக்காரர் அவரைத் தண்ணீருக்குப் போக விடவில்லை. அவருக்கு வலிப்பு நோய் என்று ஆஸ்பத்திரித் துண்டுச்சீட்டு சொன்னது. நடுக்குளத்தில் வலிப்பு வந்தால் யார் பொறுப்பு?

கதிரையில் உட்காரக் குனிந்தவர் முகத்தைச் சுளித்து "ஆ!" என்றார். நான் பாய்ந்து போய் என் சைக்கிள் திறப்பை அவர் கைக்குள் திணித்தேன். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுப்பது எங்கள் வழக்கம். மாணிக்கம் திறப்பைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"பாத்தீங்களா?" என்றார் பவளம் அக்கா. "எட்டு மாசமா இதே கூத்துதாங்க. தும்முனாக்கூட ஆளாளுக்குக் கத்தியத் தூக்கிட்டு ஓடி வர்றாங்க. அவருக்கு வலிப்பெல்லாம் கெடையாதுங்க ஐயா. இடுப்பு வலி!"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களுக்கு உடம்பு வலிக்காது, நோகும். வலி வந்தது என்றால் எங்கள் பேச்சில் வலிப்பு வந்தது. மாணிக்கம் டொக்டரிடம் போய், "ராத்திரியானா வலி வந்துருதுங்க, காலை இழுக்குது" என்றிருக்கிறார். சினிமாவிலும் புத்தகத்திலும் வலி என்றால் என்னவென்று டொக்டருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாசலில் நூறு பேர் நிற்கிற காலையில் புத்தகம் எங்கே ஞாபகம் வரும்! பனடோல் ஒன்றுக்குத் தவம் கிடந்த அந்தக் காலத்தில் வலிப்புக் குளிசை மட்டும் எப்படியோ தாராளமாக இருந்தது. அதை விழுங்கி விழுங்கி மாணிக்கம் நின்றபடியே தூங்கினார். பவளம் அக்கா களை பிடுங்கப் போய்க் குடும்பத்தைப் பார்த்தார்.

"மீனெல்லாம் என்னைய மறந்திருக்குங்க," என்று மாணிக்கம் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

வழக்கை இணக்கசபைக்குக் கொண்டுபோனேன். அதாவது ஊர்ப் பெரியவர்கள் மூன்று பேர், கூட்டுறவுச் சங்கக்கடைக்குள், நெல் மூட்டைகளுக்கு நடுவில். தலைவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவருக்கு முறை என்றால் முறை.

"டொக்டர் பிழை விட்டவர் எண்டு இன்னொரு டொக்டர் வந்து சொல்லவேணும்," என்றார்.

"ஐயா, சுத்துவட்டாரத்தில இருக்கிறதே இந்த ஒரு டொக்டர்தான்," என்றேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "அப்ப அவரே சொல்லட்டும். ஆனா அதுக்கு வேற கதிரை போடுங்கோ."

குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு ஒன்று, நிபுணருக்கு ஒன்று என்று இரண்டு கதிரைகள் போட்டார்கள். டொக்டர் யாழ்ப்பாணப் பட்டணத்து மனிதர், மெலிந்தவர், முன்கோபி. முதல் கதிரையில் இருந்து, "அந்தாள் வலி எண்டுதானே சொன்னவர், நான் என்ன செய்யிறது?" என்று கத்தினார்.

"இனி மற்றக் கதிரைக்கு வாங்கோ," என்றார் தலைவர்.

மாறியதும் ஆளே மாறிவிட்டார். மாணிக்கத்தை நெல் மூட்டையில் குப்புறப் படுக்கவைத்து, முதுகெலும்பை ஒவ்வொன்றாக விரலால் அமத்திப் பார்த்தார். ஓரிடத்தில் மாணிக்கம் துள்ளினார். தலைவர் அவசரமாகத் தன் இடுப்பிலிருந்த திறப்பை எடுத்து, பிறகு நினைவு வந்து மறுபடி செருகிக்கொண்டார். டொக்டர் எழும்பி, தான் விட்டுவந்த வெறுங்கதிரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கை எண்டு கேட்டிருக்கவேணும்," என்றார். "கேக்கேல்லை. அது பிழை."

அதையே ஒரு தாளில் எழுதினார். கீழே 'பிழை விட்ட வைத்தியர்' என்று ஒரு கையெழுத்து, 'பரிசோதித்த வைத்தியர்' என்று இன்னொரு கையெழுத்து. இரண்டும் ஒரே கிறுக்கல்.

வழக்கு வென்றாயிற்று என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு குளத்துக்குப் போனேன். வள்ளக்காரர் தாளை மேலும் கீழும் பார்த்தார்கள். "கடுதாசி நீந்துமோ? டொக்டரே அவனோடை வள்ளத்தில போய்க் காட்டட்டும்," என்றார் அவர்களில் மூத்தவர்.

டொக்டருக்கு நீச்சல் தெரியாது. ஆனாலும் வந்து ஏறினார், வெள்ளைச் சேட்டோடு, வள்ளத்தின் இரண்டு பக்கத்தையும் இறுகப் பிடித்தபடி. மாணிக்கம் எட்டு மாதத்துக்குப் பிறகு துடுப்பைத் தொட்டார். கொஞ்சத் தூரம் போனதும் காற்று எழும்பி வள்ளம் ஒரு பக்கம் சரிந்தது. அணைக்கட்டில் நின்றவர்கள் எல்லாரும், "வலி! வலி!" என்று கத்தினார்கள். துடுப்புப் போடுவதையும் எங்கள் பக்கத்து வள்ளக்காரர் வலிப்பது என்றுதான் சொல்வார்கள். பட்டணத்து டொக்டருக்கு அது எங்கே தெரியும்! ஆஸ்பத்திரித் திறப்புக் கோர்வையை இழுத்தெடுத்து மாணிக்கத்தின் கைக்குள் திணித்தார். மாணிக்கம் துடுப்பை விடவில்லை. கோர்வை குளத்துக்குள் போய்விட்டது.

அணைக்கட்டில் ஒருவருக்கும் நிற்க முடியவில்லை, அப்படிச் சிரிப்பு. மாணிக்கமும் சிரித்துச் சிரித்து வலித்துக் கரைசேர்ந்தார். மூத்தவர் வள்ளத்திலிருந்து நடுங்கிக்கொண்டு இறங்கிய டொக்டரைப் பார்த்தார். "வலிப்பு ஆருக்கு எண்டு இப்பதான் தெரியுது," என்றார். பிறகு மாணிக்கத்திடம், "நாளைக்கு வலையோடை வா," என்றார். பவளம் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மருந்து அலுமாரியின் பூட்டை அடுத்த நாள் எங்கள் சைக்கிள் கடைக்காரர்தான் போய் உடைத்துக் கொடுத்தார்.

சில வருடங்களில் எல்லாரும் இடம்பெயர்ந்தோம். சைக்கிள் கடை இல்லை, சங்கக்கடை இல்லை. மாணிக்கமும் பவளம் அக்காவும் எந்தப் பக்கம் போனார்கள் என்று விசாரித்துப் பார்த்தேன், ஒருவருக்கும் தெரியவில்லை. இங்கே லண்டனில் வழக்கின் ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு நிபுணர் வருகிறார், தலையணைத் தடிப்பில் அறிக்கை தருகிறார். ஒருவரும் கதிரை மாறுவதில்லை.

டொக்டர் எழுதிய தாளை என் தகரப் பெட்டியில் வைத்திருந்தேன். இடம்பெயர்ந்த அன்று மழைக்குள், நாங்கள் ஏறிப்போன உழவு மெசினிலிருந்து பெட்டி எங்கோ விழுந்துவிட்டது. அதற்குள் என் சட்டப் பரீட்சைச் சான்றிதழ் இருந்தது, நல்ல உடுப்பு இருந்தது. அவை போனதற்கு ஒன்றுமில்லை. தான் விட்ட பிழையைப் பிழை என்று ஒரு டொக்டர் தன் கையால் எழுதி நான் கண்டது அந்த ஒரு தாளில்தான். அதை நினைத்தால் இன்றும் நோகிறது.