என் நாக்கின் கரும்புள்ளியும் குற்றாலநாதர் கொடுத்த குரலும்

என் நாக்கின் நுனியில் மிளகளவு கரும்புள்ளி ஒன்று உண்டு. பிறவியிலேயே அமைந்தது. அதன் பொருட்டு ஏழு ஆண்டுகள் நான் பேச்சிருந்தும் ஊமையாக வாழ்ந்தேன். தீய நினைப்பே தீமையை அழைத்து வருகிறது என்று இக்காலத்தில் மேடை போட்டுப் பேசுகிறார்கள். அவர்கள் பேசட்டும். அந்த நம்பிக்கைக்குள் குடியிருந்து வந்தவன் நான். அங்கிருந்து என்னை வெளியே இழுத்த குற்றாலநாதரின் கருணையை அடியார்களாகிய உங்கள் முன் மறைக்காமல் வைக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

குற்றாலத்தில் பேரருவிக்குக் குளிக்க வருவோருக்கு எண்ணெய் தேய்த்துவிடுவது என் தொழில். பள்ளிக்கூடம் போனவன் அல்லன். கடைப் பலகைகளையும், பொட்டலம் மடித்து வந்த தாள்களையும் பார்த்து எழுத்தைக் கற்றுக்கொண்டவன். பிழையிருந்தால் பொறுத்தருள்க.

இளவயது முதலே எனக்கு எதிலும் கெட்டதே முதலில் தோன்றும். ஒருவர் பயணம் புறப்பட்டால் வண்டி கவிழ்வதுதான் என் கண்ணுக்குத் தெரியும். தோன்றியதைச் சொல்லியும் விடுவேன். என் தம்பி தேனெடுக்க மலையேறிய அன்று, "பாறை வழுக்கும்லே, விழுந்துருவ" என்றேன். விழுந்தான். தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறு வருடம் என் தலைமகனுக்குக் காய்ச்சல் கண்டது. "இது தங்காது போலிருக்கே" என்று என் வாய் சொல்லிற்று. மூன்றாம் நாள் தங்கவில்லை.

துக்கம் கேட்க வந்த கூட்டத்தின் நடுவில் என் மாமியார் எழுந்து நின்று, "இவன் கருநாக்குக்காரன். ரெண்டு உசிரத் தின்னுட்டான். இன்னும் யாரத் திங்கணும்னு கேளுங்க" என்றார். என் மனைவி செல்லம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று தேங்காய்ச் சிரட்டைச் சில்லால் அந்தப் புள்ளியைச் சுரண்டினேன். இரத்தம் வந்தது. புள்ளி போகவில்லை.

அதன்பின் வாயைக் கட்டினேன். எண்ணெய் தேய்க்கும்போது "உக்காருங்க", "திரும்புங்க" என்ற இரண்டு சொற்களே என் பேச்சு. எங்கள் வரிசைக்குப் பெரியவரான ஆறுமுகம் அண்ணாச்சி என் மௌனத்தையும் விட்டுவைக்கவில்லை. "ஏலே, மேகத்தப் பாத்து ஒண்ணும் சொல்லிராத. சாரல் நின்னுபோச்சுன்னா நாங்க எண்ணெயக் குடிக்கவா செய்ய?" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்து வைப்பேன்.

அவ்வாண்டிலேயே எனக்கு ஒரு பெண் பிறந்தாள். குற்றாலத்து அம்மனின் பெயரையே வைத்தோம், குழல்வாய்மொழி. வைத்தோம் என்கிறேனே, வைத்தது செல்லம்மாள். அந்தப் பெயரை நான் ஒரு முறையும் உச்சரித்ததில்லை. என் நாக்குப் பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்று அஞ்சினேன். அவள் அருகில் வந்தால் கையைத் தட்டி அழைப்பேன். தூரத்தில் இருந்தால் அழைப்பதே இல்லை. ஆறு வயது வரை தன் பெயரை அவள் தகப்பன் வாயால் கேட்டதில்லை. பெற்றவனுக்கு இதைவிடக் கீழான நிலை ஏது?

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆடி மாதம். சாரல் நன்றாக விழுந்து கூட்டம் நெருக்கிய காலம். செல்லம்மாளும் பிள்ளையும் பெண்கள் பகுதியில் குளித்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரு வியாபாரியின் முதுகில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவியைப் பார்த்தபடி நின்றேன். ஆறுமுகம் அண்ணாச்சியும் மற்றவர்களும் அருவிக்கு முதுகு காட்டி இருந்தார்கள்.

முதலில் ஒரு கைப்பிடிச் சருகு வந்து விழுந்தது. பின்பு ஓர் ஒடிந்த மரக்கொப்பு. வெள்ளையாக விழுந்த தண்ணீரின் ஓரத்தில் செம்மண் நிறம் கயிறுபோல் இறங்கிற்று. அருவியின் ஓசை கனத்தது. மலை உச்சியில் பெருமழை பெய்துவிட்டது என்பதற்கு எங்கள் தொழில்காரனுக்கு இதற்குமேல் சாட்சி தேவையில்லை. இன்னும் சிறிது நேரத்தில் கல்லும் மரமும் சேர்ந்து இறங்கும். கீழே நிற்பவர் தப்ப முடியாது.

சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் வந்துவிடுமே என்ற நினைப்பில் வாயை மூடிக்கொண்டேன். என் கண்ணெதிரே வந்துகொண்டிருக்கும் வெள்ளத்தை, நான் சொல்லாதிருந்தால் வராமல் போகும் என்று நம்பி நின்றேன்! படித்தவர்கள் இதைப் படித்துச் சிரிக்கலாம். ஏழு ஆண்டுகள் ஒரு நினைப்பை வளர்த்தவனுக்குத்தான் அதன் பிடி தெரியும்.

கோயில் கோபுரம் இருந்த திசை நோக்கி மனத்துக்குள் கேட்டேன். கெஞ்சவில்லை, வழக்காடினேன். "குற்றாலநாதா! முனிவர் கை வைத்து அழுத்தியதால் வந்த உன் தலைநோவுக்கு நாள்தோறும் தைலம் சாத்துகிறார்கள். என் நாக்கின் நோவுக்கு நீ என்ன கொடுத்தாய்? சொல்லித்தான் வெள்ளம் வருமென்றால் வரட்டும், பழியை நான் சுமக்கிறேன். சொல்லாமல் நின்று பிள்ளையைக் கொடுக்க மாட்டேன். எனக்குக் குரலைக் கொடு!"

அடுத்த கணம் நான் பெண்கள் பகுதிக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். ஆண்மகன் கால் வைக்கக் கூடாத இடம். "எவம்லே அது? வெளிய போலே!" என்று ஒருத்தி ஈரத்துணியால் என் முகத்தில் அறைந்தாள். அருவிக்கடியில் பக்கத்தில் நிற்பவர் பேச்சே காதில் ஏறாது. அந்த இரைச்சலுக்கு மேல் என் குரல் எழுந்தது.

"குழல்வாய்மொழி! ஏட்டி, குழல்வாய்மொழி! வெள்ளம் வருது, எல்லாரும் ஓடுங்க!"

அவள் திரும்பினாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னை நோக்கி வந்தாள். அவளைத் துரத்திக்கொண்டு செல்லம்மாள் வந்தாள். என் கூச்சலைக் கேட்டு ஆறுமுகம் அண்ணாச்சி திரும்பி அருவியைப் பார்த்தார். அவரும் கத்தினார், எண்ணெய்க்காரர்கள் எல்லோரும் கத்தினார்கள். இரு பகுதியும் காலியாயிற்று. கடைசியாக ஒரு கிழவியை இருவர் தூக்கிக்கொண்டு படியேறியபோது, செங்காவி நிறத்தில் ஆளுயரக் கட்டையோடு வெள்ளம் வந்து அறைந்தது. ஓர் உயிரும் போகவில்லை.

மேட்டில் அமர்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். செல்லம்மாள் அவளிடம், "அத்தன பேரு நிக்கையில ஒனக்கு எப்படிட்டி அப்பா சத்தம் கேட்டுச்சு?" என்றாள். பிள்ளை சொன்னாள்: "அப்பான்னு தெரியாதும்மா. யாரோ எம்பேரச் சொல்லிக் கூப்பிட்டாவ. கேக்காத கொரலா இருந்துச்சு. யாருன்னு பாக்க வந்தேன்."

நான் அழுதேன். செல்லம்மாள் என் ஈரக் கையைப் பிடித்து, "இன்னொருவாட்டி கூப்பிடுங்க" என்றாள். கூப்பிட்டேன்.

அங்கேயே ஆறுமுகம் அண்ணாச்சி வந்து சேர்ந்தார். எண்ணெயை விட்டுவிட்டு ஓடி வந்தவருக்கு வாய் மட்டும் அடங்கவில்லை. "நீ வாயத் தெறந்த, வெள்ளம் வந்துட்டுல்லா! இனி சீசன் அவ்வளவுதான்" என்றார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு நான் அவருக்குப் பதில் சொன்னேன்.

"அண்ணாச்சி, நான் வாயத் தெறக்கதுக்கு முந்தியே மேல மழை பெஞ்சாச்சு. சருகு வந்து விழுந்துட்டு. நான் தெறக்காம இருந்தா நீங்க இப்ப இங்கன நின்னு என்னைய வைய முடியுமா?"

அவர், "இந்தப் பேச்ச எங்கலே ஒளிச்சு வச்சிருந்த?" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஊரார் எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று பொய் சொல்ல மாட்டேன். அவன் சொல்லித்தான் வெள்ளம் வந்தது என்று இன்றும் சொல்வோர் உண்டு. சொல்லட்டும். தம்பி விழுந்தது பாசியால். மகன் போனது காய்ச்சலால். என் வாய் அவர்களைக் கொல்லவில்லை. கெட்டதையே நினைத்துப் பழகினால் வாழ்க்கை கெடுமா என்று என்னைக் கேட்டால், கெடும் என்றே சொல்வேன். மகனுக்குக் காய்ச்சல் கண்டபோது, தங்காது என்று முடிவு கட்டியபடியால் தென்காசிக்கு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். ஓடியிருந்தால் பிழைத்திருப்பானா, அறியேன். ஓடவில்லை என்பது மட்டும் என் குற்றம். அந்தக் குற்றத்தை இறைவன் சந்நிதியில் வைத்துவிட்டேன். கருநாக்கு என்ற பொய்க் குற்றத்தை ஒருபோதும் ஏற்க மாட்டேன்.

இன்றும் எனக்குக் கெட்டதே முதலில் தோன்றுகிறது. தோன்றியவுடன் எழுந்து நடக்கிறேன். அவ்வளவே மாற்றம். அதுவே எனக்குப் போதும்.

என் மகள் செங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டாள். சென்ற தை மாதம் அவள் தலைப்பிள்ளைக்குப் பெயர் சூட்டினார்கள். காதில் பெயர் சொல்ல என்னை அழைத்த வேளையில் சம்பந்தி வீட்டு அம்மாள் ஒருத்தி, "அவுகளா? நாக்குல புள்ளியுள்ளவுகல்லா? வேண்டாமே" என்று முணுமுணுத்தாள். நான் எழுந்து செல்லவில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.

குழல்வாய்மொழி குழந்தையைத் தூக்கி வந்து என் மடியில் வைத்தாள். "எங்கப்பா கூப்பிட்டதாலதான் நான் இருக்கேன். இவனையும் அவுகளே கூப்பிடட்டும்" என்றாள்.

குனிந்தேன். கரும்புள்ளி உள்ள இதே நாக்கால், அந்தச் சின்னஞ்சிறு காதில், குற்றாலநாதன் என்று மும்முறை சொன்னேன். குழந்தை கண் விழித்து என்னைப் பார்த்தது.

அச்சத்தினால் வாய் பூட்டிக் கிடக்கும் அன்பர்களே, நல்ல நினைப்பு வந்தபின் பிரார்த்திக்கலாம் என்று காத்திராதீர்கள். நடுங்கும் நெஞ்சோடு, கெட்ட நினைப்போடு, இருக்கிறபடியே அவனிடம் போய் வழக்காடுங்கள். எனக்குக் குரல் கொடுத்தவன் உங்களையும் கைவிட மாட்டான். பிறகு எழுந்து ஓடுங்கள். யாரைக் கூப்பிட வேண்டுமோ அவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.