படத்துக்குக் கடைசி இடம்

என் அக்காவின் வீட்டுக்காரரை அலுவலகத்தில் ‘செக்போஸ்ட்’ என்றுதான் கூப்பிடுவார்கள். கோபப்பட மாட்டார்; உள்ளூரப் பெருமைதான். தொலைபேசியில் டிக்கெட் பதிவு செய்துகொடுக்கும் பெரிய கம்பெனி அது. இணைய இணைப்பு வழியாக வெளியிலிருந்து வந்து குவிகிறவற்றில் எது முதலில் உள்ளே போகலாம், எது ஓரமாக நிற்க வேண்டும் என்று விதி எழுதுவது அத்தானின் வேலை. வாடிக்கையாளரின் குரலுக்கு முதல் வழி. மெயில் அதற்குப் பிறகு. வீடியோ எல்லாவற்றுக்கும் பின்னால். ‘நான் அவசரம்’ என்று முத்திரை குத்திக்கொண்டு எது வந்தாலும், வாசலிலேயே அந்த முத்திரையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்.

“எல்லாரும் அவசரம்னுதான் சொல்லுவாங்க. வெளியிலேர்ந்து வர்றவன் சொல்றத நம்பினா நம்ம கதி அதோகதிதான்” என்பார்.

இந்தப் புத்தியை ஆபீஸோடு விட்டிருந்தால் மனுஷன் தங்கம். வீட்டிலும் அதேதான். பூட்டிய கதவை இழுத்து இழுத்துப் பார்ப்பார். கடையில் வாங்கிய பாலைத் தான் மோந்து பார்த்தது போதாதென்று என்னையும் மோந்து பார்க்கச் சொல்வார். அவர் வீட்டு மாடி அறையில் இருப்பவள் நான். அவரோடு மல்லுக்கட்டியே எனக்கு வாய் நீண்டுவிட்டது.

ஒரு நாள் காலை படிக்கட்டில் வழிமறித்தார்.

“ஏம்மா, உங்க அக்கா மத்தியானத்துல யாரோட பேசுறா?”

“எனக்கென்ன ஜோசியமா தெரியும்? அவகிட்டயே கேளுங்க.”

“வீட்டு இன்டர்நெட் கணக்கப் பாத்தேன். தினமும் ஒரே எடத்துலேர்ந்து வீடியோ வருது. நான் ஆபீஸ் கிளம்பினப்புறம் வருது. நான் வீட்ல இருக்குற நாள்ல வர்றதில்ல.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “வெக்கமா இல்ல உங்களுக்கு?” என்று கத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். ஆனால் சந்தேகம் பொல்லாதது, ஒட்டிக்கொள்ளும். அன்றிலிருந்து என் கண்ணும் அக்காவையே சுற்றியது. போன் அடித்தால் எடுப்பதில்லை, மெசேஜ் மட்டும் அனுப்புகிறாள். கூப்பிட்டால் எங்கேயோ நினைப்பாக இருக்கிறாள். தோளைத் தொட்டால் திடுக்கிடுகிறாள். எதையோ மறைக்கிறவளின் லட்சணம்தானே இதெல்லாம்? இந்தக் குடும்பம் உடைந்தால் அக்கா எங்கே போய் நிற்பாள்?

அத்தான் அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் வழக்கப்படி வீட்டு இணைய இணைப்புக்கும் விதி எழுதினார்.

“அடைக்கல. அடைச்சா அவளுக்குத் தெரிஞ்சிடும்” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார். “அங்கேர்ந்து வர்ற படத்த மட்டும் சொட்டு சொட்டா விடுறேன். குரல் வந்துட்டுப் போகட்டும்.”

“அந்தக் குரலுக்கு மட்டும் என்ன மரியாதை?”

“குரல வெட்டுறது என் தொழிலுக்கே ஆகாது.” சிரிக்காமல் சொன்னார். “படம் வரலைன்னு அவ வந்து சொல்றாளா இல்லையான்னு பாப்போம்.”

அவள் சொல்லவில்லை. முகம் மட்டும் வாடிக்கொண்டே போனது. அத்தானோ ஆபீஸிலிருந்து வந்ததும் உள்ளே நுழையாமல், கூடத்து ஜன்னலுக்கு வெளியே நின்று தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டிருப்பார்.

பொறுக்க முடியாமல் ஒரு மத்தியானம் லீவு போட்டுவிட்டு வந்து, என்னிடமிருந்த சாவியால் கதவைத் திறந்தேன். அக்கா எனக்கு முதுகைக் காட்டி மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே லேப்டாப். அதிலிருந்து வயதான ஒரு பெண்ணின் குரல் கணீரென்று வந்தது.

“என் உதட்டப் பாருங்கம்மா. இப்ப என்ன சொன்னேன்?” கேள்வி எழுத்தாகவும் திரையின் ஓரத்தில் வந்து விழுந்தது.

“தெரியலையே டீச்சர். வாய் இருக்கிற எடத்துல வெறும் கட்டம் கட்டமா வருது.”

“அக்கா!” என்றேன். திரும்பவில்லை. தொண்டை கிழியக் கத்தினேன். அப்போதும் திரும்பவில்லை. அருகில் போய்த் தொட்ட பிறகுதான் திடுக்கிட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் உடைந்து அழுதாள்.

“ஒரு காது போயிடுச்சுடி. இன்னொண்ணும் போயிட்டிருக்கு. முழுசாப் போறதுக்குள்ள உதட்டப் பாத்துப் புரிஞ்சுக்கப் பழகணும். அவர்கிட்ட சொன்னா, பாலை மோந்து பாக்குற மாதிரி என் காதையும் தினம் சோதிப்பாரு. கத்துக்கிட்டு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். லைன் வேற கெட்டுப்போயி ஒண்ணும் ஏறல.”

லைன் கெடவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அத்தானுக்குப் போன் போட்டேன். “நீங்கல்லாம் ஒரு மனுஷனா?” என்றுதான் ஆரம்பித்தேன். மீதியை எழுத முடியாது.

வந்தவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தார். தான் எழுதிய விதியைத் திருத்தி, எல்லாக் குரலுக்கும் முன்னால் அந்த டீச்சரின் படத்தைக் கொண்டுபோய் வைத்தார். பிறகு திரையைப் பார்த்தபடியே, “தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிடு” என்றார்.

“அவ மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க!” என்று சீறினேன்.

திரும்பினார். ஒவ்வொரு வார்த்தையாக, உதடு நன்றாக அசைய, மறுபடி சொன்னார்.

“தெரியுது” என்றாள் அக்கா. “ஜன்னலுக்கு வெளியே நின்னு ‘எவன் அவன்’னு சொன்னீங்களே, அதுவும் தெரிஞ்சுது. யாரும் சொல்லித்தராம நானாப் படிச்ச மொதல் வார்த்தை அதுதான்.”

“அப்பவே என்னைக் கேட்டிருக்கலாமே?”

“நீங்க என்னைக் கேப்பீங்கன்னு காத்திருந்தேன்.”

அத்தான் வாயைத் திறந்தார். அக்கா அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.