‘மாட்டு டாக்டர்’ என்று தேடினால் வரச் செய்தவள்

பால் ஊற்றும் இடத்தில்தான் செய்தி வந்தது. கேன் மூடியைத் திறந்துகொண்டிருந்த நடராஜா, என் முகத்தைப் பார்க்காமல், "பாட்டி, ஆபிஸ் மகேஸ்வரி மிஸ் தவறிட்டாங்களாம்" என்றான். காய்ச்சல் என்று படுத்தவளாம், ஹாலிஎலையில் தன் வீட்டிலேயே. எனக்கு முதலில் அழுகை வரவில்லை. "சாவுக்குக்கூட ஆளத் தேடத் தெரியலையே நடராஜா. அந்த ஆபிஸ்ல போக வேண்டியவரு இன்னொருத்தரு இருக்காரே" என்றேன். வரிசையில் நின்ற பெண்கள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அழுகையை மறைத்தார்களோ, சிரிப்பை மறைத்தார்களோ, நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இந்த நினைவு மலரின் முதல் பக்கத்தில் நம்முடைய பால் சங்கத்து ஆபிஸின் மேலதிகாரி, நாம் பெரிய சேர் என்று கூப்பிடுகிறவர், எழுதியிருக்கிறார். ‘என் வழிகாட்டலில் வளர்ந்த அடக்கமான ஊழியர்’ என்று மகேஸ்வரியைச் சொல்லியிருக்கிறார். உறுப்பினர்கள் சார்பில் இரண்டு வரி எழுதித் தரும்படி என்னிடம் ஆள் அனுப்பியதும் அவர்தான். ஸ்பிரிங்வெளித் தோட்டத்தில் தேயிலைக் கொழுந்தெடுத்து ஓய்ந்த கிழவி இரண்டு வரிக்கு மேல் என்ன எழுதிவிடப் போகிறாள் என்று நினைத்திருப்பார். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஞாபகம் நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மலரை அச்சுக்குக் கொடுப்பது உறுப்பினர்கள் நாங்கள் என்பதால், இதை அச்சகத்துக்கு நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

மகேஸ்வரியைத் தெரியாதவர்களுக்காக அவள் வேலையைச் சொல்கிறேன். பால் கொடுப்பது, தீனி மூட்டை கேட்பது, மாட்டுக்கு வைத்தியம் கேட்பது எல்லாவற்றையும் சங்கம் போனுக்குள் ஒரு செயலியாகக் கொண்டுவந்தது. முன்பு நாங்கள் கூப்பிட்டுக்கொண்டிருந்த தொலைபேசி எண்ணை நிறுத்திவிட்டார்கள். செயலியில் எதை எங்கே அமுக்கி எப்படிச் செய்வது என்று சொல்லும் உதவிப் பக்கங்களை எழுதியவள் மகேஸ்வரி. அந்தப் பக்கங்களால்தான் அவளை நான் அறிந்தேன். நல்ல விதமாக அறியவில்லை.

செயலி வந்த முதல் மழைக்காலத்தில் என் செவலைக்கு வயிறு ஊதியது. இடது பக்கம் மேளம்போல எழும்பி, மாடு மூச்சுக்குத் தவித்தது. போனை எடுத்து, உதவி என்ற இடத்தைத் திறந்து, ‘மாட்டு டாக்டர் வரணும்’ என்று அடித்தேன். ‘உங்கள் தேடலுக்கு முடிவுகள் எதுவும் இல்லை’ என்றது. எனக்குத் தெரிந்த விதமெல்லாம் அடித்துப் பார்த்தேன். முடிவு இல்லை, முடிவு இல்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தது. டாக்டரை வரவழைக்கும் வழி அதற்குள் இருக்கத்தான் செய்தது. ‘மிருக வைத்திய சேவைக்கான கோரிக்கையைச் சமர்ப்பித்தல்’ என்று பெயர் வைத்து ஒரு நீளமான பக்கத்தின் நடுவில் போட்டிருந்தார்கள். மூச்சுத் திணறும் மாட்டின் பக்கத்தில் நின்றுகொண்டு அப்படி ஒரு பெயரை யார் அடிப்பார்கள்? மத்தியானத்துக்குள் செவலை காலை நீட்டிவிட்டது.

செவலையைக் கட்டியிருந்த கயிற்றைப் பையில் சுருட்டிப் போட்டுக்கொண்டு பதுளைக்கு பஸ் ஏறினேன். ஆபிஸ் மேசைமேல் கயிற்றை வைத்து, "இந்தப் போன்ல இருக்கிறத எழுதின கை எது?" என்று கேட்டேன். கண்ணாடி போட்ட ஒரு மெலிந்த பெண் எழுந்தாள். "நான்தாம்மா."

"அந்தக் கை அழுகிப் போகும்" என்றேன்.

ஆபிஸ் முழுவதும் எழுந்து நின்றது. பெரிய சேர் தன் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "உதவில அந்த விஷயம் இருக்குத்தானே. தேடத் தெரியாதவங்களுக்கு நாங்க என்ன செய்றது?" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தப் பேச்சை நான் இன்றுவரை கீழே வைக்கவில்லை.

மகேஸ்வரி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். "அம்மா, அன்னைக்கு நீங்க என்னன்னு அடிச்சீங்க?" என்றாள். நான் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவளே தன் கணினியில் எதையோ தேடி, திரையை என் பக்கம் திருப்பினாள். யார் எதைத் தேடி வெறுங்கையோடு போனார்களோ, அந்த வார்த்தைகள் எல்லாம் அங்கே போய் விழுந்து கிடக்குமாம். அதுவரை யாரும் திறந்து பார்த்ததில்லையாம். நான் அடித்தவை ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. மாட்டு டாக்டர் வரணும். மாட்டு டாக்டர். டாக்டர். மாடு வயிறு ஊதிருச்சு. கடைசியில், ‘முருகா’.

அந்தக் கடைசி வார்த்தையைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றினாள். "சேர் சொன்னது தப்பும்மா. நீங்க சரியாத்தான் தேடியிருக்கீங்க. நாந்தான் நீங்க தேடுற எடத்துல வைக்கல" என்றாள். அவள் சொன்னதற்கு என் மனம் இளகிவிடவில்லை. கயிற்றை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரமே அவள் நாங்கள் குடியிருக்கும் லயத்துக்கு வந்து நின்றாள். பால் ஊற்ற வந்த பெண்களிடம், "மாட்டுக்கு முடியாமப் போனா நீங்க என்னன்னு சொல்வீங்க?" என்று ஒவ்வொருவராகக் கேட்டாள். ஆபிஸ் மிஸ் கேட்கிறாள் என்றதும் எங்கள் பெண்கள் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். ஒருத்தி, "பசு சுகவீனமுற்றுள்ளது என்போம் மிஸ்" என்றாள். இன்னொருத்தி அவளுக்கு மேலே போய், "கால்நடை நோய்வாய்ப்பட்டுள்ளது" என்றாள். பரிசளிப்பு விழாவில் பிள்ளைகள் பேசுவதைப்போல இருந்தது. வீட்டில் மாட்டை எப்படியெல்லாம் கூப்பிடுகிறவர்கள் என்று எனக்குத் தெரியாதா? நான் வாய்விட்டுச் சிரித்தேன்.

மகேஸ்வரி சோர்ந்துபோய் என்னிடம் வந்தாள். "அம்மா, நீங்களும் இப்படித்தான் சொல்வீங்களா?"

"நான் ஏன் அப்படிச் சொல்றேன்? எனக்கு ஒன்மேல கோபம்ல இருக்கு."

அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "அப்ப நீங்கதாம்மா எனக்கு வேணும். மரியாதை இல்லாத ஆளு ஒருத்தராவது கெடைக்க மாட்டாங்களான்னு காலையில இருந்து பாக்கிறேன்."

அன்றிலிருந்து என்னை ஏச வைப்பதே அவள் தொழிலாகிவிட்டது. கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு பாலில்லாத சாயத் தண்ணியைக் குடித்தபடி, "தீனி மூட்டை வரலன்னு வச்சுக்கங்க. ஏசுங்கம்மா" என்பாள். நான் ஏசுவேன். ஏச்சுக்குள் வரும் வார்த்தைகளைப் பொறுக்கிக்கொள்வாள். மற்றப் பெண்களிடம், "ஒங்க மகளுக்குப் போன்ல சொல்ற மாதிரி சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, தேயிலை மலையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வாள். முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கு மரியாதை வந்துவிடுமாம். ஒருமுறை ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். "மரியாதையாப் பேசுறப்ப யாருக்கும் அவசரம் இருக்காதும்மா. அவசரத்துல வாயில என்ன வருதோ, அதத்தான் தேடுவாங்க" என்றாள். பெரிய சேர் எத்தனையோ மேடையில் பேசியிருக்கிறார். இப்படி ஒரு வரி அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

பொறுக்கிய வார்த்தைகளைக் கொண்டு அவள் பக்கங்களை உடைத்துக் கட்டினாள். ஒரே பக்கத்தில் பல விஷயங்களைக் கொட்டி வைத்திருந்ததைப் பிரித்து, ஒரு வேலைக்கு ஒரு பக்கம் என்று வைத்தாள். தலைப்பு ‘மாட்டு டாக்டரைக் கூப்பிட’ என்றானது. எங்கே அமுக்க வேண்டும் என்பது முதல் வரியிலேயே வந்தது. ‘மிருக வைத்தியர்’ என்று தேடுகிறவர்களுக்கும் அதே பக்கம்தான். ‘டொக்டர்’ என்று அடித்தாலும், எழுத்தை விழுங்கி அடித்தாலும் அங்கேதான் கொண்டுபோய் விட்டது.

பெரிய சேர் அதை வெளியே விடவில்லை. "இது சங்கத்தோட உதவிப் பக்கமா, இல்ல பீலிக்கரையா?" என்றாராம். தண்ணீர் பிடிக்கும் இடத்தில் நாங்கள் போடும் சண்டையை அவர் எப்போது வந்து கேட்டாரோ தெரியாது. மகேஸ்வரி அவரோடு வாதாடவில்லை. மடுல்சீமையிலிருந்து சங்கத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ராஜாத்தி என்ற பெண்ணையும் துணைக்கு என்னையும் ஆபிஸுக்கு வரவழைத்தாள். சேரைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். "ராஜாத்தி பழைய உதவியில தேடுவாங்க. நீங்க பாக்கலாம் சேர். வாயத் தெறக்கக் கூடாது. அது மட்டுந்தான்" என்றாள். போன் நம்பர் மாறிவிட்டால் என்ன செய்வது என்று ராஜாத்தி கண்டுபிடிக்க வேண்டும்.

ராஜாத்தி அடித்தாள். முடிவு இல்லை. அழித்து அடித்தாள். முடிவு இல்லை. வியர்வையைத் துடைத்துக்கொண்டு திரையை மேலும் கீழும் தள்ளினாள். சேர் நாற்காலியில் நெளிந்தார். தொண்டையைச் செருமினார். கடைசியில் குதித்து எழுந்து, "கீழ! கீழ! ‘சுயவிவரத் திருத்தம்’னு இருக்கே, கண்ணு தெரியலையா?" என்று கத்தினார். ராஜாத்தி போனைக் கீழே போட்டுவிட்டாள்.

மகேஸ்வரி குரலை உயர்த்தவே இல்லை. "சேர், நீங்க ஒவ்வொரு வீட்டுக்கும் போய் இப்படிக் கத்துவீங்களா?" என்றாள்.

அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். செவலை செத்ததற்குப் பிறகு என் நெஞ்சு குளிர்ந்தது அன்றைக்குத்தான். அடுத்த நாள் புதிய பக்கங்கள் வெளியே வந்தன. ஆண்டுக் கூட்டத்தில் அவற்றைத் தன் யோசனை என்று அவரே சொல்லிக் கைதட்டு வாங்கினார். மேடைக்குக் கீழே உட்கார்ந்திருந்த மகேஸ்வரியும் தட்டினாள். நான் தட்டவில்லை.

வெளியே வரும்போது அவளிடம் கேட்டேன். "ஒனக்குக் கோபமே வராதாடி?"

"வார்த்தைங்க உள்ள போயிருச்சேம்மா. அவரு பேரு வாங்கினா வாங்கிட்டுப் போறாரு."

"செவலைக்காக ஒன்ன நான் இன்னும் மன்னிக்கல, தெரியுமா?"

"மன்னிச்சிராதீங்கம்மா. நீங்க மன்னிச்சிட்டா நான் ஒழுங்கா வேல செய்ய மாட்டேன்" என்று சிரித்தாள். விளையாட்டாகச் சொன்னாள் என்றுதான் நினைத்தேன். அதன்பிறகு ஒவ்வொரு மாதமும் வெறுங்கையோடு போன தேடல்களைப் படித்துப் பக்கங்களைத் திருத்திக்கொண்டே இருந்தாள் என்பது எனக்குப் பின்னால் தெரிந்தது.

சாவு வீட்டுக்குப் பெரிய சேர் மலர்வளையத்தோடு வந்தார். அவள் உடலுக்கு முன்னால் நின்று, "மகேஸ்வரி இல்லாத குறை தெரியக் கூடாது. எந்த உதவி வேண்டுமானாலும் உறுப்பினர்கள் என்னை நேரடியாக அழைக்கலாம்" என்று பேசினார். கேட்டவர்கள் நிறையப் பேர். நல்லது.

அவள் சாம்பல் ஆறிய கொஞ்ச நாளில் ராஜாத்தி அழுதுகொண்டே போன் பண்ணினாள். கன்றுக்குக் கழிச்சல், டாக்டரைத் தேடினால் முடிவு இல்லை என்று வருகிறது என்றாள். நான் என் போனில் பார்த்தேன். மாட்டு டாக்டர் இல்லை. ஊதிருச்சு இல்லை. தீனி மூட்டை இல்லை. கொழும்பிலிருந்து யாரோ பெரிய ஆட்கள் செயலியைப் பார்க்க வந்தார்களாம். அவர்கள் முன்னால் ‘மாட்டு டாக்டர்’ என்று திரையில் வந்தால் வெட்கக்கேடு என்று, சேர் எல்லாவற்றையும் அழித்து ‘தரமான தமிழ்’ போட்டுவிட்டாராம். பழைய நீளப் பெயர் எனக்கு மனப்பாடம் என்பதால் எங்கே அமுக்குவது என்று ராஜாத்திக்குச் சொன்னேன். கன்று தப்பித்தது. அவளுக்கு என்னைத் தெரியும். நேற்றுச் சேர்ந்த ஒருத்திக்கு யாரைத் தெரியும்? அவள் மாடு என் செவலைபோலத்தானே போகும்?

எனக்குள் எரிந்தது. பழைய நானாக இருந்தால் கயிற்றைத் தூக்கிக்கொண்டு போய்க் கத்திவிட்டு வந்திருப்பேன். அவர் கதவைச் சாத்தியிருப்பார். இந்த முறை பால் ஊற்றும் இடத்தில் பெண்களைக் கூட்டினேன். "நேரடியா கூப்பிடுங்கன்னு சாவு வீட்டுல வச்சு சொன்னாருல்ல? கூப்பிடுவோம்" என்றேன். தேடி வராத ஒவ்வொன்றுக்கும் பெரிய சேரைக் கூப்பிடுவது என்று வைத்துக்கொண்டோம். மாடு கறக்கும் நேரத்தில்தானே எங்களுக்குச் சந்தேகம் வரும்?

முதல் நாள் ராஜாத்திதான் ஆரம்பித்தாள். சாயங்காலக் கறவை நேரம், அவர் ஏதோ கூட்டத்தில் இருந்தாராம்.

"சேர், மாடு காளைக்குக் கத்துதுங்க. எங்க அமுக்கணும்?"

"அது வந்து… செயற்கைமுறைச் சினைப்படுத்தல்னு இருக்கும்…"

"அப்படின்னா என்னாங்க சேர்? கொஞ்சம் வெளக்கமா, சத்தமா சொல்லுங்க."

அதன்பிறகு அவர் போன் ஓயவில்லை. எடுக்காமல் விட்டால் சங்கத் தலைவரைக் கூப்பிட்டு, ‘சேர் சாவு வீட்டில் கொடுத்த வாக்கு’ என்று கேட்டோம். எடுத்தார்.

இதை எழுதுவதற்குள் சில வார்த்தைகள் செயலிக்குத் திரும்பி வந்துவிட்டன. முதலில் வந்தது ‘காளைக்குக் கத்துது’. அதற்கு மட்டும் ஏன் அவ்வளவு அவசரம் என்று உறுப்பினர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறகு தீனி மூட்டை வந்தது. போன் நம்பர் வந்தது. ‘மாட்டு டாக்டர்’ மட்டும் வரவில்லை. அது அவருக்கு மானப் பிரச்சினையாக இருக்கலாம். எனக்கும் அதுதான்.

அவளுடைய புகைப்படம் என்னிடம் இல்லை. அவள் கொடுத்த பொருள் ஒன்றும் இல்லை. அவளைச் சந்திக்கும் முன்பு என் கோபம் வெறும் சத்தம். அதை எந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தால் இன்னொருத்தியின் மாடு பிழைக்கும் என்று காட்டிவிட்டுப் போனாள். அதை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். முதல் பக்கத்தில் எழுதியிருப்பவர் ‘அடக்கமான ஊழியர்’ என்பதை வைத்துக்கொள்ளட்டும்.

இன்று காலையும் பாலைக் கறந்து வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன். தூக்கக் குரலில், "சொல்லுங்கம்மா, ஒங்க மாட்டுக்கு என்ன?" என்றார்.

"மாட்டுக்கு ஒன்னுமில்லைங்க சேர். மாட்டு டாக்டர்னு தேடிப் பாத்தேன், வரல. நாளைக்கும் பாப்பேன்" என்றேன்.