பதினொரு நிமிடம் நின்ற அட்டை

ஒளிபரப்பு நிலையத்தில் அவளுக்குக் கடிகாரக்காரி என்று பேர். தொலைக்காட்சி தலைநகரத்தைத் தாண்டி வெளியூர்களுக்குப் பரவிய இரண்டாம் வருஷம், அரசாங்கம் அவளைக் கண்காணிப்பு வேலைக்கு எடுத்தது. மாலையில் வீட்டில் டி.வி. பெட்டி முன் உட்கார்ந்து, படம் எப்போது நின்றது, எப்போது வந்தது என்று மையில் எழுத வேண்டும். நிலையத்துக்குத் தனி நோட்டு. இரண்டையும் மேலிடம் ஒத்துப் பார்க்கும். பொய் எழுதியவருக்கு வேலை போகும்.

நிலையத்தில் ஒளிபரப்பு விசைகளின் முன் இருந்தவர் அவளுடைய அக்காள் புருஷன். தகப்பனில்லாத அவளைப் பள்ளியில் சேர்த்துவிட்டவரும் அவர்தான்.

அன்று தலைநகரிலிருந்து வந்த படம் அறுந்தது. அத்தான் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டையைக் கேமரா முன் நிறுத்தினார். இரண்டு நிமிஷத்தில் படம் திரும்பிவிட்டது. அதற்குள் மேலதிகாரி போனில் பிடித்துக்கொண்டார்: நாளைக்கு ஆய்வாளர் வருகிறார், புது ஒளிபரப்புக் கோபுரம் உண்டா இல்லையா என்று அவர்தான் சொல்வார். பதற்றத்தில் அத்தான் அட்டையை மறந்தார். பதினொரு நிமிஷம் ஊரே வருத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அத்தான் தன் நோட்டில் இரண்டு என்று எழுதினார். அவள் எழுதியது பதினொன்று.

விடிந்ததும் அக்காள் வந்து நின்றாள். பிள்ளைகள் மூன்றையும் சொல்லி அழுதாள்.

"கொஞ்ச நேரம் கண்ணசந்துட்டேன்னு எழுதுடி."

"கண்ணசர்றதுக்கா எனக்குச் சம்பளம்?"

அக்காள் படியிறங்கிப் போனாள். இவள் நேரே நிலையத்துக்குப் போனாள்.

"அத்தான், என் நோட்டு மாறாது. உங்க நோட்ட நீங்களே திருத்திருங்க. பத்து மணிக்கு அவர் வந்துருவாரு."

"படிக்க வெச்சதுக்கு நல்லா எழுதுறம்மா" என்றார். பேனாவைத் தொடவில்லை.

ஆய்வாளர் இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, விரலை வரிவரியாக இறக்கினார். ஒரு வரியில் விரல் நின்றது. எது பொய் என்று கேட்டார். அவள் அத்தான் முகத்தைப் பார்க்காமல் மேசையையே பார்த்தாள்.

"அவ எழுதினதுதான் சரி, சார். அட்டைய எடுக்க மறந்தது நான். மறைச்சதும் நான்தான்."

கோபுரத்துக்கு அனுமதி வந்தது. தானே ஒப்புக்கொண்டதால் அத்தானுக்கு வேலை தப்பியது. ஆனால் விசையிலிருந்து தூக்கிச் சாமான் அறையில் போட்டார்கள்.

அக்காள் பதினாலு மாசம் இவள் வாசற்படி மிதிக்கவில்லை. அத்தான் மட்டும் வருவார். ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, நேற்று படம் எத்தனை நிமிஷம் நின்றது என்று கேட்பார். அவள் உள்ளபடி சொல்வாள்.