முதல் வரிசைச் சேவல்

நாற்காலிகள் மேசைக்கு வந்து சேரும் முன்பே, அட்டைகளைக் கலைத்து அடுக்கும் முன்பே, லோகேஸ்வரி தன் சிவப்புச் சேவலை எடுத்து முதல் வரிசையில் வைத்துவிடுவாள். வைத்துவிட்டுத்தான் எங்களைப் பார்த்து, "உக்காருங்கண்ணே, தே ஓ வருது" என்று பால் சேர்க்காத தேநீர் போடப் போவாள். உட்காருவதற்குள் எனக்கு ஒரு வரிசை போயிருக்கும்.

மரத்தில் செய்த, கட்டைவிரல் அளவுச் சேவல் அது. திராட்சைத் தோட்டம் போட்டு, பழம் பறித்து, மிதித்து, வைன் காய்ச்சி விற்கிற ஒரு போர்ட் கேம். ஒவ்வொரு வருடத் தொடக்கத்திலும், எத்தனை சீக்கிரம் எழுந்திருக்கப் போகிறோம் என்பதைச் சேவலை வைத்துச் சொல்ல வேண்டும். முதல் வரிசைக்காரர் தன் ஆட்களை முதலில் வேலைக்கு அனுப்பலாம். ஆனால் கைக்கு ஒன்றும் வராது. கீழே இறங்க இறங்கத் தூங்குமூஞ்சிகளுக்குச் சன்மானம். ஒரு வரிசையில் ஒரு கொடி, இன்னொன்றில் ஒரு காசு. கடைசி வரிசையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடப்பவருக்கு, அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் சாம்பல் நிறத்தில் ஓர் ஆள் இரவல். இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் நிச்சயமாக ரப்பர் தோட்டத்தில் பிறந்தவனில்லை.

லோகேஸ்வரி பிறந்தவள். பத்தாங் பெர்ஜுந்தாய்ப் பக்கத்துத் தோட்டம், தகப்பனார் அப்பளசாமி அங்கே ஆட்களை மேய்க்கிற மண்டோர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் கணக்கெடுத்து அவர் பெயர்களைக் கூப்பிடும்போது ஆள் நிற்காவிட்டால் அன்றைக்கு வேலையும் கிடையாது, கூலியும் கிடையாது. ஒருநாள் பிந்தி வந்த சொந்தப் பொண்டாட்டியையே லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பிய மனிதர். "லேட்டா எந்திரிச்சா சாமான் குடுப்பாங்களா? எந்த ஊருல லா? எனக்குக் கடைசி லைன்ல வைக்கணும்னு நெனச்சாலே காலு நடுங்குதுண்ணே" என்பாள் அவர் மகள். தோட்டம் செம்பனையாகி, லயத்தை இடித்து, செரண்டாவில் எங்கள் தாமான் குடியிருப்புக்கு வந்து பல வருடமாகியும் அந்த நடுக்கம் போகவில்லை.

அதனால் எப்போதும் தோற்பாள். முதல் ஆளாக நிலத்தில் போய் நிற்பாள், நடுவதற்குக் கையில் கொடி இருக்காது. முதல் ஆளாகச் சந்தைக்குப் போவாள், விற்கச் சரக்கு இருக்காது. நானோ பொறுமையாக நாலாவது வரிசையில் படுத்துக் கிடந்து, கொடியும் காசுமாகச் சேர்த்துக்கொண்டு ஜெயிப்பேன். "பந்திக்கு முந்து, படைக்குப் பிந்துன்னு பெரியவங்க உனக்காகத்தான் சொல்லி வெச்சாங்க தாயே" என்று வேறு சீண்டுவேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவள் அதற்கும் சிரிப்பாள். அந்த நாளில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பேர் ஆட்டம் இது. அவள், அடுத்த வீட்டுக்காரனான நான், லோரி ஓட்டுகிற அவள் கணவன் வாசு. எங்களில் ஒருவரும் வைனை நாக்கில் வைத்தவரில்லை. "நம்ம ஆளுங்க தண்ணி போட்டுக் குடி கெட்டது பத்தாதுன்னு, இப்ப நாமளே உக்காந்து காச்சுறமா?" என்று வாசு ஒவ்வொரு ஞாயிறும் கேட்பான். கேட்டுக்கொண்டே சிவப்புத் திராட்சையா வெள்ளையா என்று அட்டையைத் தடவுவான். ஒருமுறை பலகையிலிருந்த கொடியைப் பார்த்து, "இதுல கள்ளு எறக்க முடியாதா லோகா?" என்றான். அன்றைக்கு அவள் சிரித்த சிரிப்பில் தே ஓ என் சட்டையில் கொட்டியது.

ஆட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தவன் விமலன், அவள் தம்பி. வேலைக்கு வேலை தாவுகிற பையன். கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்க வருகிறவர்களுக்கு மிதவைச் சட்டை மாட்டிவிடுகிற வேலை, பிறகு பார்சல் கொடுக்கிற வேலை, பிறகு ரவாங்கில் இந்த மாதிரிப் போர்ட் கேம்களை மேசைக்கு வாடகை விடுகிற ஒரு காப்பிக் கடை. கடை மூடியபோது பாக்கிச் சம்பளத்துக்குப் பதில் இந்தப் பெட்டியைக் கேட்டு வாங்கி வந்தான். பிழைக்கத் தெரியாதவன் என்று வாசு திட்டினான். விமலன் சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிரித்து, "அக்கா, நீதான் ஃபேக்டரில ஆள் போடுறவளாச்சே. ஒனக்கு இது ஈசி லா" என்றான்.

ஆள் போடுவதுதான் அவள் பிழைப்பு. பிளாஸ்டிக் டப்பா செய்கிற தொழிற்சாலையில் லைன் லீடர். காலையில் எந்த மெஷினுக்கு யார், மூடி பொருத்த யார், பெட்டி கட்ட யார் என்று நிறுத்துவது அவள். ஆகவே மரத்தாலான ஆட்களுக்கும் அவள் பெரட்டு எடுப்பாள். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள். "கண்மணிக்கா!" என்பாள், "இருக்கேன்" என்று அவளே பதில் சொல்வாள். "நீங்க கொடி நடப் போங்க. வெயிலு ஜாஸ்தி, தொப்பி போட்டுக்குங்க." பழம் மிதிக்கிற இடத்துக்கு ஒரு நேப்பாளிப் பையனை அனுப்புவாள். "பஹதூரு, கால நல்லாக் கழுவிட்டு எறங்கு."

பெட்டியில் மஞ்சள் நிற ஆட்கள் ஒரு சிறு பையில் தனியே இருப்பார்கள். அது விமலனின் நிறம். அந்தப் பையை யாரும் பிரிப்பதில்லை.

தாய்லாந்தில் கஸ்டமர் சர்வீஸ், தமிழும் இங்கிலீஷும் தெரிந்தால் போதும், சாப்பாடு தங்குமிடம் இலவசம் என்று யாரோ ஒரு சிநேகிதன் சொன்னான். விமலனுக்கு அரை மனது. "தீபாவளி முடிஞ்சு போறேங்கா" என்றான். லோகேஸ்வரிக்குத்தான் பொறுக்கவில்லை. "தேடி வந்த சீதேவிய எட்டி ஒதைக்காதடா. எடம் காலியா இருக்கறப்பவே போய் நின்னுரணும். நாளைக்கு வேற எவனாச்சும் நின்னுருவான்." அவளே பெட்டி கட்டினாள். பேருந்து நிலையத்துக்கு நேரமாகுமென்று, சாப்பிட்டுக்கொண்டிருந்தவனைப் பாதியில் எழுப்பிவிட்டாள். அந்தத் தட்டைப் பற்றி இன்றும் பேசுவாள். பாதித் தோசை இருந்ததாம்.

அவனைத் தாய்லாந்தில் நிறுத்தவில்லை. எல்லை ஆற்றைத் தாண்டி, அடுத்த நாட்டில் வேலி போட்ட ஒரு கட்டடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். போனில் ஊர் உலகத்தை ஏமாற்றிப் பணம் பறிக்கிற வேலை. மாட்டேன் என்றால் அடி. இதெல்லாம் எங்களுக்குத் துண்டு துண்டாகத்தான் தெரிந்தது. ஞாயிறு மத்தியானத்தில் மட்டும் அவனைப் பேச விட்டார்கள். "நல்லா இருக்கேங்கா. சாப்பாடு நல்லா இருக்கு. அழாதீங்க." ஒவ்வொரு வாரமும் இதே வார்த்தைகள், எழுதிக் கொடுத்துப் படிக்கச் சொன்னதுபோல. அப்புறம் அதுவும் நின்றுபோனது.

ஞாயிறு மத்தியானம் மட்டும் நிற்கவில்லையே, அது வாராவாரம் வந்துகொண்டுதான் இருந்தது. சீரியல் போட்டுப் பார்த்தாள், கோயிலுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தாள். ஒருநாள் பரணிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கி, என் வீட்டு கேட்டைத் தட்டினாள். "படம் பாத்தா மனசு அது பாட்டுக்கு எங்கயோ ஓடுதுண்ணே. இதுல ஓட முடியாது லா. ஒரு நிமிசம் அசந்தா நீங்க எடத்தப் புடிச்சிருவீங்க." அப்படித்தான் நாங்கள் திராட்சைத் தோட்டக்காரர்கள் ஆனோம். போன் மேசை மேல், பலகைக்குப் பக்கத்தில், முகம் மேலே தெரிய இருக்கும். கொமியூட்டர் ரயில் போகிற சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமென்று ரயில் கடக்கும்வரை யாரும் காய் நகர்த்துவதில்லை.

இந்த ஆட்டத்தில் அவளுக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, நிலவறை. காய்ச்சிய வைனை அங்கே இறக்கி வைத்துவிட்டால், நாம் ஒன்றும் செய்யாமலே வருடத்துக்கு ஒரு படி விலை ஏறும். "சும்மா இருட்டுல கெடந்தாலே நல்லா ஆவுது பாருங்கண்ணே" என்று ஆச்சரியப்படுவாள். "பொறுத்தார் பூமி ஆள்வார்னு சும்மாவா சொன்னாங்க" என்பான் வாசு. அவளுக்கு அதைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும்.

மற்றது, வருடக் கடைசி. அனுப்பிய ஆட்கள் எல்லாரும் வீடு திரும்ப வேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். அதை அவள் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டாள். என் ஆட்களையும் வாசுவின் ஆட்களையும் சேர்த்து அவளே ஒவ்வொருவராகப் பொறுக்கி, அவரவர் வீட்டு வாசலில் வரிசையாக நிறுத்துவாள். "வந்துட்டீங்களாக்கா? வாடா பஹதூரு, வா." எனக்கு ஆட்டம் நீளுகிறதே என்று எரிச்சலாக வரும். வாயைத் திறக்கமாட்டேன். நீளமான வாயையும் மூடவைக்கிற இடம் சில உண்டு.

போன மாதம், அந்த மாதிரிக் கட்டடங்களிலிருந்து மீட்ட பிள்ளைகள் விமானத்தில் வருகிறார்கள் என்று சேதி வந்தது. யார் யார் என்று சொல்லவில்லை. வாசு ஜொகூருக்கு லோரி எடுத்துப் போயிருந்ததால் விமான நிலையத்துக்கு நான்தான் காடி ஓட்டினேன். பக்கத்தில் அவள் மடியில் தூக்குச் சட்டி. சோறு, கருவாட்டுக் குழம்பு, முட்டை. கொடுத்த நேரத்துக்கு ரொம்ப முன்னாலேயே போய்விட்டோம், சொல்லவும் வேண்டுமா? தடுப்புக் கம்பிக்கு முன்னால் முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டாள்.

பிள்ளைகள் வந்தார்கள். மெலிந்து, மொட்டைத் தலையும் கைலியுமாகச் சிலர். அம்மாக்கள் கம்பியைத் தாண்டி ஓடினார்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள் லோகேஸ்வரி. கதவு மூடிக்கொண்டது. தகப்பனும் தாயும் இன்னும் வந்து சேராத ஒரு பையன், அவள் கையிலிருந்த விமலனின் படத்தைப் பார்த்துவிட்டு வந்தான். பத்தாங் பெர்ஜுந்தாய்க்காரன், பெயர் புனிதன். "அக்கா... இந்த அண்ணன் எங்ககூடத்தான் இருந்தாரு. வேற கம்பெனிக்கு வித்துட்டாங்கக்கா. எங்கன்னு தெரியாது. போறப்ப நடக்க முடியல."

நான்தான் கேட்டேன், எப்போது, எந்தப் பக்கம், யார் வாங்கினது என்று. அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். லோகேஸ்வரி கீழே உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறந்து, "சாப்பிடு தம்பி. மெதுவாச் சாப்பிடு" என்றாள். அவன் தின்று முடித்து, சட்டியைக் கழுவப் போகிறேன் என்றபோது விடவில்லை. அவன் வீட்டார் வந்து சேரும்வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.

திரும்பும்போது ரவாங் டோலை எட்டினோம். அங்கே வண்டிகள் நெரிந்து நின்றபோது வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "பந்தின்னு நெனச்சுத்தாண்ணே அவன முந்தச் சொன்னேன். படைன்னு தெரியல." அந்தப் பழமொழியை அவளுக்கு ஓதி ஓதி ஜெயித்தவன் நான். ஐயோ என்றிருந்தது. பின்னாலிருந்தவன் ஹாரன் அடித்தான்.

அதற்கடுத்த ஞாயிறு கூப்பிட மாட்டாள் என்றே நினைத்தேன். கேட்டில் சத்தம் கேட்டது. போனேன், பலகை விரித்துக் கிடந்தது. போனைக் காணோம். நாற்காலிகள் வந்தன, அட்டைகள் அடுக்கியாயிற்று, தே ஓவும் வந்தது. சேவல் மட்டும் அவள் கையிலேயே இருந்தது. வாசு தன் நிலவறையைக் காட்டி, அவளைப் பேசவைக்கத்தான், "லோகா, இந்த வாட்டி எனக்குப் பழைய சரக்கு நெறைய சேரப்போவுது பாரேன்" என்றான்.

"இருட்டுல கெடந்தா எல்லாம் நல்லாவா ஆயிருது?" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. வாசு அட்டையைக் கவிழ்த்து வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தான்.

நான் முதல் வரிசையைத் தொடவில்லை; அது அவளுடையது. வழக்கம்போல நாலாவதில் வைத்தேன். வாசு மூன்றாவதில். லோகேஸ்வரி தன் சிவப்புச் சேவலை எல்லாருக்கும் கீழே, கடைசி வரிசையில் கொண்டுபோய் வைத்தாள். பெட்டியிலிருந்து அந்தச் சாம்பல் நிற இரவல் ஆளை எடுத்தாள்.

முதல் வரிசையில் சேவலில்லாத ஆட்டம் எங்களுக்குப் பழக்கமில்லை. தட்டுத் தடுமாறி ஆரம்பித்தோம். அவள் முறை வரும்போதெல்லாம் சிவப்பு ஆட்களை அனுப்பினாள், பெயர் சொல்லாமல். சாம்பல் நிற ஆளைத் தன் குவளைக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தாள். அறுவடைக்கு இடம் காலியாகத்தான் இருந்தது. "அங்க எடம் இருக்கே லோகா" என்றேன், வாய் சும்மா இருக்கவில்லை. "இருக்கட்டும்ணே" என்றாள்.

வருடம் முடிந்தது. ஆட்களை யாரும் பொறுக்கவில்லை என்று கண்டு, நானே என்னுடையவர்களைக் கூட்டி வாசலில் நிறுத்தினேன். இரவல் ஆளை மட்டும் வருடக் கடைசியில் பெட்டிக்குள் திருப்பிப் போட வேண்டும், சட்டம் அப்படி. வாசு பழக்கதோஷத்தில் அதை எடுக்கக் கையை நீட்டினான்.

லோகேஸ்வரி அதன் மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டாள்.